ஒருத்தரும் சாகாத வீட்டின் அழுகை: வெள்ளவத்தையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

வந்த காரணம்

2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தின் நடுப்பகுதியில், கொழும்பு வெள்ளவத்தையில் உளவளத்துணைக்காக நான் ஆட்களைச் சந்திக்கும் அறைக்கு ஒரு மகள் தன் தாயை அழைத்து வந்தார். தாய்க்கு வயது 53. தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறார். கணவர் 2019இல் மாரடைப்பால் இறந்துவிட்டார். மகன் கனடாவில் இருக்கிறார். மகளும் மருமகனும் தாயோடு ஒரே மாடிக் குடியிருப்பில் வசிக்கிறார்கள். மகள் கதிரையில் அமர்வதற்கு முன்னரே சொல்லத் தொடங்கிவிட்டார். "அம்மா நாடகம் பாத்து அழுறா மிஸ். ஒரு நாள் ரெண்டு நாள் எண்டால் பரவாயில்லை. இருபது நாளாச்சு." தாய் எதுவும் பேசவில்லை. கைப்பையின் வாரை ஆட்காட்டி விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

இந்தப் பதிவை எழுதுவதற்கு அவருடைய சம்மதத்தைப் பெற்றிருக்கிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். முழுவதையும் அவரே வாசித்த பின்னர்தான் இது வெளியே வருகிறது. அந்த வாசிப்பினால் நேர்ந்த ஒரு திருத்தத்தைப் பற்றிக் கடைசியில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அழுகையைத் தொடக்கிவைத்தது இந்தியத் தமிழ்த் தொடர் ஒன்றின் ஓர் அங்கம். வார நாட்களில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போகும் குடும்பத் தொடர். அதன் பெயர் இங்கே தேவையில்லை. அன்றைய அங்கத்தில் எவரும் இறக்கவில்லை, எவரும் வீட்டை விட்டு விரட்டப்படவும் இல்லை. கல்யாண வீடொன்றுக்கு இரவல் தாவணி உடுத்தி வந்த ஏழை உறவுக்காரப் பெண்ணைப் பார்த்து, தாவணிக்குச் சொந்தக்காரி நாலு பேருக்கு முன்னால் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொல்கிறாள். மூன்று நிமிடத்துக்கும் குறைவான காட்சி அது. வீட்டில் இருந்த மற்ற இருவரும் அதை இடைநிரப்பியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். மருமகன் அந்த நேரம் கைப்பேசியில் இருந்தார். தாய் எழுந்து குசினிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் நின்று அழுதிருக்கிறார்.

அடுத்த நாள் காலை வேலைக்குப் போகும்போது 100ஆம் இலக்க பஸ்ஸில் அழுகை வந்தது. அலுவலகக் கழிவறையில் வந்தது. இரவில் மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கம் இல்லை. தொடரைத் தவறாமல் பார்த்தார்; அந்தப் பெண் வரும் இடமெல்லாம் கண் நிறைந்தது.

வீட்டார் முதலில் பகிடி பண்ணினார்கள். பிறகு மருமகன் அந்த நேரத்துக்குக் கிரிக்கெட் அலைவரிசையை மாற்றி வைக்கத் தொடங்கினார். கனடாவில் இருக்கும் மகன் வீடியோ அழைப்பில், "அம்மா, அது நடிப்பு" என்று பொறுமையாக விளக்கினார். இதைச் சொன்னபோதுதான் தாய் முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "நடிப்பு எண்டு எனக்குத் தெரியாதே மிஸ்?"

இல்லாத மனிதர்களுக்கு இல்லாத துன்பம் நேர்வதைப் பார்த்து நாம் ஏன் உண்மையாகவே அழுகிறோம் என்பது படித்தவர்களையும் மலைக்க வைத்த கேள்வி. கொலின் ராட்ஃபோர்ட் என்ற மெய்யியலாளர் 1975இல் இதை ஒரு கட்டுரையாக எழுப்பி, அப்படி அழுவது மனிதருக்கு இயல்புதான் என்றாலும் பகுத்தறிவுக்குப் பொருந்தாதது என்ற முடிவுக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த பலர் அந்த முடிவை மறுத்து எழுதினார்கள். கனடாவிலிருந்து மகன் சொன்னதும் ராட்ஃபோர்டின் கேள்வியைத்தான். ஆனால் உளவளத்துணை அறையில் அந்தக் கேள்வி உதவாது. எதிரே இருப்பவர் அழுதுகொண்டிருக்கிறார். அவர் அழுவது நியாயமா என்ற விசாரணை அவரை இன்னும் ஒரு படி கீழே இறக்கிவிடும்.

விலக்கிப் பார்த்தவை

கதையைத் தோண்டுவதற்கு முன் உடம்பைப் பார்க்க வேண்டும். அவரைக் குடும்ப மருத்துவரிடம் அனுப்பினேன். மாதவிடாய் நிற்கும் வயது, இரத்தச் சோகை, தைரொயிட் ஆகியவை அழுகையோடும் தூக்கமின்மையோடும் நெருங்கிய தொடர்புடையவை. பெறுபேறுகளில் குறிப்பிடும்படி ஒன்றும் இருக்கவில்லை. பாரிசவாதம் போன்ற மூளைப் பாதிப்புகளுக்குப் பின் சிலருக்குக் காரணமே இல்லாமல் அழுகை பீறிட்டு வருவதுண்டு. அதில் அழுபவருக்கு உள்ளே துக்கம் இருக்க வேண்டும் என்பதில்லை. இவருக்கோ துக்கம் முன்னே வந்தது, கண்ணீர் பின்னே வந்தது, வரப்போகிறது என்பதையும் அவரால் சொல்ல முடிந்தது. மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விப் படிவத்தில் அவருடைய புள்ளிகள் மிதமான மட்டத்தின் தொடக்கத்தில் நின்றன. தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்குப் பூச்சியம் இட்டிருந்தார். வாயாலும் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். அந்த இடத்தில் வேறு விடை வந்திருந்தால் இந்தப் பதிவு வேறு வழியில் போயிருக்கும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை எல்லோருக்கும் கொடுப்பதுபோல் இவருக்கும் எழுதிக் கொடுத்தேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். திரையில் பார்த்ததனால் மட்டும் ஒருவருக்கு நெருக்கீட்டுப் பின்னான மனவடு நோய் வந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய்நிர்ணயக் கைநூலின் ஐந்தாம் பதிப்பு, தொலைக்காட்சி, திரைப்படம், படங்கள் ஆகியவற்றின் வழியாகக் கண்டதை, அது தொழிலின் பகுதியாக இருந்தாலொழிய, அந்த நோய்க்கான அடிப்படை அனுபவமாகக் கணக்கில் எடுப்பதில்லை. அவ்வாறு எல்லை போட்டது சரி என்றே நினைக்கிறேன். ஆனால், "தொலைக்காட்சி இதற்குக் காரணமாகாது" என்று சொல்லிக் கோப்பை மூடிவிடுபவர்கள், தொலைக்காட்சி எதைத் தொட்டது என்று கேட்கத் தவறிவிடுகிறார்கள்.

என்னுடைய தவறான கணிப்பு

முதல் மூன்று சந்திப்புகளையும் நான் வீணாக்கினேன். காரணம், எனக்கு விடை முன்கூட்டியே தெரிந்திருந்ததாக நினைத்துக்கொண்டேன்.

கணவருடைய செத்தவீட்டில் அவர் அழவில்லை என்று மகள் சொல்லியிருந்தார். மலர்ச்சாலைக்கு ஏற்பாடு செய்தது, கனத்தை மயானத்துக்கு வாகனம் பிடித்தது, 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு ஐயரையும் சமையல்காரரையும் ஒழுங்குசெய்தது எல்லாம் அவர்தான். நான்கு ஆண்டுகளாக அடைத்துவைத்த துக்கம் நாடகத்தின் வழியே உடைத்துக்கொண்டு வருகிறது என்று முடிவுகட்டினேன். நீடித்த துயரத்தை ஒரு நோயாக ஏற்றுக்கொண்ட புதிய கைநூல்கள், இழப்பு நேர்ந்து ஒரு கைநூலின்படி ஆறு மாதம், இன்னொன்றின்படி பன்னிரண்டு மாதம் கடந்திருக்க வேண்டும் என்கின்றன. இவருக்கு அதெல்லாம் எப்போதோ கடந்துவிட்டது. ஆகவே பொருத்தம் சரியாக இருப்பதுபோல் தோன்றியது.

ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இலிருந்து ஆராய்ந்து வந்த எழுத்து முறையை அவருக்குக் கொடுத்தேன். தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், மனத்தில் கிடக்கும் துயரத்தைப் பற்றி இலக்கணம் பாராமல் எழுதுவது. கணவரைப் பற்றி எழுதுங்கள் என்று நானே தலைப்பையும் கொடுத்தேன். தலைப்புக் கொடுத்ததுதான் பிழை. அடுத்த வாரம் கொப்பியைக் கொண்டுவந்தார். முதல் பக்கத்தில் மின்சாரப் பட்டியலின் கூட்டல் இருந்தது. மற்றவை வெறும் பக்கங்கள்.

"அவரைப் பற்றி எழுத எனக்கு ஒண்டும் மிச்சமில்லை மிஸ். அவர் நல்லாத்தான் இருந்தார், நல்லாத்தான் போனார். நான் அவரை நினைச்சு அழேல்லை" என்றார். குரலில் கோபம் இல்லை. என்னைத் தேற்றுவதுபோல் சொன்னார்.

அவர் போன பிறகு என் குறிப்புகளைப் புரட்டினேன். மூன்று சந்திப்புகளில் கணவர் என்ற சொல் நாற்பது தடவைக்கு மேல் இருந்தது. தாவணி என்ற சொல் முதல் நாளில் ஒரே ஒரு தடவை.

எந்த இடத்தில்?

நான்காவது சந்திப்பில், எதற்காக அழுதீர்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்த இடத்தில் அழுகை வந்தது என்று கேட்டேன். "அன்ரி, அந்தக் காட்சியை ரெண்டு பேரும் சேர்ந்து பாப்பமா? எங்க வருது எண்டு கையைக் காட்டுங்கோ." மகளின் கைப்பேசியில் அந்த அங்கம் இருந்தது. மேசை மேல் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்துப் பார்த்தோம்.

சொந்தக்காரி வாயைத் திறக்கும் இடத்தில் கை உயரும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அதற்கு வெகு முன்னரே, பந்தலுக்குள் அந்தப் பெண் நுழைந்த கணத்தில், எவரும் எதுவும் பேசாத இடத்தில் அவர் கை உயர்ந்தது. நிறுத்திவிட்டு மறுபடி போட்டோம். மறுபடியும் அதே இடம். அந்தப் பெண் நடந்து வரும்போது இடது கையை இடுப்பில் வைத்துத் தாவணியின் ஓரிடத்தை மறைத்துக்கொள்கிறாள். கிழிந்து தைத்த இடம் அது என்பது பார்வையாளருக்குப் பிறகுதான் தெரியவரும். அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

மூன்றாவது தடவை போட்டபோது நான் திரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். அவருடைய இடது கை தன் சேலையின் இடுப்பு மடிப்பில் இருந்தது.

"எனக்கும் ஒரு சட்டை இருந்தது" என்றார்.

சட்டை

1983 ஜூலை 24ஆம் திகதி இரவு பொரளையில் தமிழருக்கு எதிராகத் தொடங்கிய வன்செயல் மறுநாள் வெள்ளவத்தைக்கு வந்தபோது அவருக்குப் பதின்மூன்று வயது முடிந்து பதின்நான்கு நடந்தது. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் அவர்களை ஓர் இரவு பின்னறையில் வைத்துக் காப்பாற்றியது. வீடு எரிந்தது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் சில நாட்கள். பிறகு லங்கா கல்யாணி கப்பலில் காங்கேசன்துறைக்கு. சரக்குக் கப்பலின் தளத்தில் சனம் நெருக்கிக்கொண்டு இருந்ததையும், ஆரோ ஒருவர் எல்லாருக்கும் பாண் துண்டு பிய்த்துக் கொடுத்ததையும் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னார். அந்தப் பகுதியைப் பலருக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை அது. அதில் அவருக்கு அழுகை இல்லை.

யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகச் சேர்த்த உடுப்புகளை அகதிகளுக்குப் பங்கிட்டார்கள். அவருக்கு ஒரு மஞ்சள் சட்டை கிடைத்தது. நல்ல துணி, இடுப்பில் பட்டி வைத்தது, பட்டியின் ஒரு காது அறுந்து மறுபடி தைத்திருந்தது. பகலில் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைச் சீருடை; பின்னேரம் ரியூசனுக்கு இந்த ஒன்றுதான். இரவில் கிணற்றடியில் தோய்த்துக் காயப்போட்டு மறுநாள் உடுத்துவார்.

இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, ரியூசன் கொட்டிலின் வாங்கில் பக்கத்தில் இருந்த பிள்ளை இடுப்புப் பட்டியைத் தொட்டுப் பார்த்துச் சொன்னது: "இது என்ட சட்டை எல்லே? இந்த இடத்தில அம்மா கறுப்பு நூலால தைச்சவ. உமக்கு நல்ல வடிவா இருக்கு."

அந்தப் பிள்ளை கேலி செய்யவில்லை. இதை அவர் என்னிடம் இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். "அவ நல்ல பிள்ளை. சந்தோசமாத்தான் சொன்னவ. திட்டியிருந்தால் நானும் ஏதும் திருப்பிச் சொல்லியிருப்பன். வடிவா இருக்கு எண்டு சொன்னால் என்ன சொல்லுறது? தேங்ஸ் எண்டு சொன்னனான்."

அன்று முதல் அந்தச் சட்டையை அவர் உடுக்கவில்லை. கட்டை என்று தாயிடம் பொய் சொன்னார். கிடைத்ததை உடுக்கத் தெரியாதவள் என்று ஏச்சு வாங்கினார். ரியூசனுக்கும் சீருடையோடு போனார். இதை அவர் தாயிடம் சொல்லவில்லை, பின்னாளில் கணவரிடம் சொல்லவில்லை, பிள்ளைகளிடமும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். அவருடைய விடையை அப்படியே தருகிறேன். இந்த நிகழ்வின் அச்சாணி அதுதான்.

"கப்பலில எங்களோட வந்த வீட்டில தகப்பனைப் பறிகுடுத்த பிள்ளையள் இருந்ததுகள். எங்கட வீட்டில ஒருத்தரும் சாகேல்லை. ஒருத்தரும் சாகாத வீட்டுப் பிள்ளை ஒரு சட்டைக்கு அழுதால் ஆர் பிள்ளை கேப்பினம்?"

அன்றிலிருந்து அவர் என்னை மிஸ் என்று கூப்பிடவில்லை.

ஏன் நாற்பது ஆண்டுகள் கழித்து?

இதற்கு அவரே வழிகாட்டினார். 2022இல் பால்மாவும் எரிவாயுவும் இல்லாமல் கொழும்பு முழுதும் வரிசையில் நின்ற மாதங்களில், மாடியில் கீழ்த்தளத்தில் வசிக்கும் ஓர் இளம் பெண் இவருடைய கதவைத் தட்டி ஒரு பால்மாப் பெட்டியைக் கொடுத்திருக்கிறார். "நீங்க வைச்சிருங்கோ அன்ரி, எங்களிட்ட ரெண்டு இருக்கு." அன்பான செயல். இவர் சிரித்து வாங்கிக்கொண்டார். கதவைச் சாத்திவிட்டு, பெட்டியை அலுமாரியின் பின்வரிசையில் வைத்தார். வீட்டில் தேநீர் வெறும் தேநீராகப் போன நாட்களிலும் அதை உடைக்கவில்லை. காலாவதித் திகதி தாண்டிய பிறகு மகள்தான் கண்டெடுத்தாராம். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்தாராம்.

ஆக, உடம்புக்கு முதலில் நினைவு வந்தது 2022இல். அதற்கு அப்போது பெயர் கிடைக்கவில்லை. 2023 ஜனவரி இறுதியில் தொலைக்காட்சிப் பெண் ஒருத்தி இடுப்பில் கை வைத்தபோது கிடைத்தது.

அழுகையின் நான்கு வாசல்கள்

நான் தவறியதற்கு என் அவசரம் மட்டும் காரணமில்லை. துக்கம் என்றாலே இழப்பு என்று கற்றுக்கொடுக்கும் ஒரு பயிற்சிக்குள் வளர்ந்தவள் நான். ஜேம்ஸ் குரோசும் ரொபேர்ட் லெவென்சனும் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். மனிதரில் குறிப்பிட்ட உணர்ச்சிகளை நம்பகமாக எழுப்பக்கூடிய திரைப்படத் துண்டுகளைத் தேடி, 250க்கும் மேற்பட்ட படங்களைப் பரிசீலித்து, 494 பேருக்குத் துண்டுகளைக் காட்டி, எட்டு நிலைகளுக்கு இரண்டிரண்டாகப் பதினாறைத் தெரிவுசெய்தார்கள். ஆய்வுகூடங்களில் அந்தத் துண்டுகள் இன்றும் பயன்படுகின்றன. சோகத்துக்காக அவர்கள் தெரிவுசெய்த இரண்டில் ஒன்றில் தந்தை சாக மகன் அழுகிறான். மற்றது தாயை இழக்கும் மான்குட்டியின் கதை. இரண்டும் சாவு. ஆய்வுகூடத்தில் சோகம் என்று அளக்கப்படுவது பெரும்பாலும் இதுதான்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலும் உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை எட்டு என்றே எண்ணுகிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. எண் ஒத்துப்போவது தற்செயல், பட்டியல்கள் ஒத்துப்போகவில்லை. ஆனால் தொல்காப்பியர் அழுகை என்று ஒரு பெயர் இட்டதோடு நிற்கவில்லை. அது இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்று பிரித்தார். பிறரால் எளிமைப்படுத்தப்படுவது, அதாவது தாழ்வாக நடத்தப்படுவது, இளிவு. உற்றாரையும் உரியதையும் இழப்பது இழவு. முன்னிருந்த நிலை கெட்டு வேறொரு நிலைக்கு ஆளாகி வருந்துவது அசைவு. நுகர வேண்டியதை நுகர முடியாத இல்லாமை வறுமை. இவை தன்னிடத்தும் தோன்றும், பிறரிடத்தும் தோன்றும் என்று உரைகாரர்கள் விரித்தார்கள். பிறர் ஒருவரின் இளிவைக் கண்டு நம் கண் நிறைவதற்கும் அங்கே இடம் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அந்தச் சூத்திரத்தை, ஒரு வேலைக் கருவியாக நான் முதன்முதல் எடுத்தது இந்த நிகழ்வில்தான். வரிசையில் இழவுக்கு முன்னால் இளிவு நிற்கிறது. நான் மூன்று வாரமாக இரண்டாவது வாசலைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவர் முதல் வாசலில் நின்றார். அசைவும் அதனுடன் கலந்திருந்தது. கொழும்பில் சொந்தமாக ஐந்தாறு சட்டை வைத்திருந்த பிள்ளை ஒரே மாதத்தில் பிறர் சட்டையை உடுத்தும் பிள்ளையானது அசைவு. ஆனால் நாற்பது ஆண்டுகள் வாயை அடைத்தது இளிவுதான். இழந்ததை ஊரிடம் சொல்லலாம், ஊர் சேர்ந்து அழும். ஒப்பாரிக்கு நம்மிடம் முறையும் மெட்டும் உண்டு. எளிமைப்பட்டதைச் சொன்னால் சொல்லும்போதே இன்னொரு தடவை எளிமைப்பட வேண்டியிருக்கும். அதற்கு ஒப்பாரி இல்லை.

கெனத் டோக்கா 1989இல், சமூகம் அங்கீகரிக்காத, வெளிப்படையாக அனுட்டிக்க இடம் கொடுக்காத துயரம் என்று ஒரு வகையை வரையறுத்தார். நம் சமூகத்தில் அந்த மறுப்பு பெரும்பாலும் கொடுமையினால் வருவதில்லை. பெருந்துயரத்துக்குக் கொடுக்கும் மரியாதையிலிருந்து வருகிறது. அவ்வளவு சாவுக்கு நடுவில் சட்டையைப் பற்றிப் பேசுவது பாவம் என்று பதின்நான்கு வயதுப் பிள்ளை தானாகவே முடிவுசெய்தது. அந்த முடிவில் ஒரு நேர்மையும் இருந்தது. அதனால்தான் அதைக் கலைப்பது கடினமாக இருந்தது. தொடர் அதைக் கலைத்தது எப்படியென்றால், அதிலும் எவரும் சாகவில்லை. சாவே இல்லாத ஒரு வீட்டில், ஒரு துணிக்காக ஒருத்தி அழலாம் என்று ஒரு கதை இடம் கொடுத்தது. போர் பற்றிய பல படங்களை இவர் பார்த்திருக்கிறார். ஒன்றிலும் இப்படி அழவில்லை என்றார். அந்தப் படங்களில் சாவு எல்லா இடத்தையும் எடுத்துக்கொண்டுவிடுகிறது.

கதைக்குள் மூழ்கிப்போவதை ஆராய்ந்த மெலனி கிரீனும் திமதி புரொக்கும் 2000இல், கவனமும் கற்பனையும் உணர்ச்சியும் ஒன்றுசேர்ந்து வாசகரைக் கதையின் உலகுக்குள் கொண்டுபோய்விடுகின்றன என்று விளக்கினார்கள். இவருக்கு நடந்தது அதிலிருந்து கொஞ்சம் வேறு. கதையின் உலகுக்குள் அவர் போகவில்லை. கதையிலிருந்து ஒரு கை நீண்டு வந்து அவருடைய இடுப்பைத் தொட்டது.

எல்லா அழுகைக்கும் பின்னால் இப்படி ஒரு சட்டை இருக்கும் என்று எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே மாதங்களில் என்னிடம் வந்த ஒரு பல்கலைக்கழக மாணவி, பல ஆண்டுகளாகப் பார்த்துவந்த வெளிநாட்டுத் தொடர் முடிந்துவிட்டதென்று சாப்பிடாமல் இருந்தார். திரையில் வருபவரோடு ஒருதலையாக வளரும் நெருக்கத்தை ஹோர்ட்டனும் வோலும் 1956இலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த மாணவிக்குத் தேவைப்பட்டது ஒரு பிரிவுக்குக் கொடுக்கும் அவகாசம்; இரண்டு சந்திப்பில் முடிந்தது. நல்ல கதைக்கு அழுவது நலமான மனத்தின் இயல்பு. அழுகை கதையை விட்டு வெளியேறி, பஸ்ஸுக்கும் கழிவறைக்கும் அதிகாலை மூன்று மணிக்கும் கூடவே வரும்போதுதான் எந்த இடத்தில் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

செய்தது

நாடகத்தை நிறுத்த வேண்டாம் என்று குடும்பத்துக்குச் சொன்னேன். மருமகனுக்கு இது விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது; காய்ச்சல்காரருக்கு ஐஸ்கிறீம் கொடுக்கச் சொல்வதுபோல் அவர் என்னைப் பார்த்தார். அழுதால் பாரம் குறையும் என்ற பொதுவான நம்பிக்கை பாதிதான் உண்மை என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். லோரன் பில்ஸ்மா, ஆட் விங்கர்ஹூட்ஸ், ஜொனதன் ரொட்டன்பேர்க் ஆகியோர் 2008இல் வெளியிட்ட பன்னாட்டு ஆய்வில், அழுத பின் ஆறுதல் கிடைப்பதும் கிடைக்காததும் பக்கத்தில் இருப்பவரின் ஆதரவையும், அழுபவர் வெட்கப்பட்டு அடக்க முயல்கிறாரா என்பதையும் பொறுத்தது என்று தெரியவந்தது. குழாயைத் திறந்துவிட்டு அழுபவருக்கு அழுகை ஆறுதல் தராது.

எங்கள் வீடுகளில், நாடகம் பார்த்து அழுகிறாள் என்ற பேச்சு பெண்களை நோக்கித்தான் வருகிறது. தியேட்டர் இருட்டில் கண்ணைத் துடைக்கும் ஆணிடம் எவரும் காரணம் கேட்பதில்லை. அந்தப் பகிடியில் இருக்கும் இளிவை வீட்டார் உணரவில்லை. பதின்நான்கு வயதில் சிரித்த முகத்தோடு சொல்லப்பட்ட ஒரு வார்த்தையால் அடிபட்டவரை, ஐம்பத்துமூன்று வயதில் மறுபடி சிரித்த முகங்கள் சூழ்ந்து நின்றன. அதை நான் மருமகனிடம் சொன்னபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் நல்ல மனிதர்.

ஐந்தாவது சந்திப்பில் தாய், மகளிடம் சட்டையின் கதையைச் சொன்னார். நான் பேசவில்லை. மகள் முதலில் கேட்டது, "அந்தச் சட்டை இப்ப எங்க அம்மா?" என்று. எனக்கு அந்தக் கேள்வி தோன்றியிருக்கவில்லை. தாய் கொஞ்சம் யோசித்து, பெட்டியின் அடியில் கிடந்தது, 1995 இடம்பெயர்வோடு போய்விட்டது என்றார். அதன் நிறம், பட்டியின் அகலம், கழுத்தில் இருந்த வெள்ளைப் பின்னல் எல்லாம் மகள் கேட்கக் கேட்க வந்தன. நாற்பது நிமிடம் இருவரும் ஒரு சட்டையைப் பற்றியே பேசினார்கள். கொப்பியில் மின்சாரக் கூட்டலுக்கு அடுத்த பக்கம் அந்த வாரம்தான் நிரம்பியது. இந்த முறை நான் தலைப்பு ஏதும் கொடுக்கவில்லை.

பின்தொடர்வு

எட்டாவது சந்திப்போடு கிழமைக்கு ஒருமுறை சந்திப்பதை நிறுத்தினோம். பஸ்ஸில் வந்த அழுகை அதற்கு முன்னரே நின்றுவிட்டது. ஒன்பது கேள்விப் படிவத்தின் புள்ளிகள் பாதிக்கும் கீழே இறங்கின. தூக்கம் முழுதாகத் திரும்பவில்லை. மூன்று மணி விழிப்பு கிழமையில் ஒன்றிரண்டு நாள் வருகிறது, ஆனால் மறுபடி கண்ணயர முடிகிறது. தொடரை இப்போது மகளோடு பார்க்கிறார். ஒருநாள் வேறொரு காட்சியில் இருவருமே அழுதார்களாம். அதில் ஒரு கிழவர் இறந்துபோனார், எல்லாரும் அழும் அழுகைதான் என்றார்.

சில விடயங்கள் மாறவில்லை. கனடாவிலிருந்து மருமகள் அனுப்பிய சேலைகள் இன்னும் உறை பிரிக்காமல் இருக்கின்றன. அவை புதியவை, எவரும் உடுத்தியவை அல்ல என்பது அவருக்குத் தெரியும். கீழ்த்தளப் பெண்ணுக்குத் தைப்பொங்கலன்று ஒரு தூக்குச்சட்டி நிறையப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். கொடுப்பது எளிதாகத்தான் இருக்கிறது என்றார், வாங்குவதுதான்.

இந்தப் பதிவின் முதற்படியை அவருக்கு வாசிக்கக் கொடுத்தபோது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தார். ஒரேயோர் இடத்தில் பேனையால் கோடு இட்டார். பட்டியின் காது கறுப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது என்று நான் எழுதியிருந்தேன்.

"அது கறுப்பு இல்லைப் பிள்ளை. கடும் நீலம். ஒவ்வொரு இரவும் தோய்ச்சனான், எனக்குத் தெரியும். வெளிச்சத்தில பாத்தால்தான் தெரியும். அவ கறுப்பு எண்டவ. நான் அப்ப திருத்தேல்லை."

அந்தப் பிள்ளை சொன்ன வாக்கியத்தில் கறுப்பு என்ற சொல்லை அப்படியே விட்டிருக்கிறேன். என் வாக்கியத்திலிருந்து எடுத்துவிட்டேன். நூல் கடும் நீலம்.